கணவாய் வறுத்தது சாப்பாட்டைப் பற்றியதல்ல

வணக்கம். ஹாங்காங் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் "முதலாளி என்னைக் கணவாய் வறுத்துவிட்டார்" என்றதும், விருந்து என்று நினைத்து "ருசியா இருந்ததா?" என்று கேட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பாவம், அவருக்குச் சீட்டுக் கிழிந்துவிட்டது. ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் 'சாவ் யாவ் யூ', அதாவது கணவாய் மீனை வறுப்பது, என்றால் வேலையை விட்டுத் தூக்குவது.

கட்டம் கட்டமாகக் கீறிய கணவாய்த் துண்டைச் சூடான வாணலியில் போட்டுப் பாருங்கள். சில நொடிகளில் அப்படியே சுருண்டு குழலாகிவிடும். அந்தக் காலத்தில் வேலையாட்கள் சொந்தப் படுக்கையோடு வந்து கடையிலேயே தங்குவார்கள். வேலை போனால் அதைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தச் சுருளும் இந்தச் சுருளும் ஒன்று. எனக்கு மிகவும் பிடித்த, மனதைப் பிசைகிற உவமை இது.

பேச்சில் 'சாவ் யாவ்' என்று சுருக்கியும் சொல்வார்கள். தானாக ராஜினாமா செய்பவர் "முதலாளியை நான் வறுத்துவிட்டேன்" என்பதும் உண்டு. அதனால் யார் யாரை வறுத்தார் என்று கவனியுங்கள். ஆனால் உணவகத்தில் அதே சொல் நிஜமான கணவாய் வறுவல்தான், தயங்காமல் கேட்கலாம்.

சரி, நாளைக்கே அவரிடம் போய், அர்த்தம் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். கட்டாயம் புரிந்துகொள்வார்.