எட்டு ஸ்போர்ட்ஸ் கார், ஒரு வாட்ஸ்அப் குழு: இதைக் கிளப் ஆக்குவது எப்படி?

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் எட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். இரண்டு பேரிடம் கூரை திறக்கும் டூ-சீட்டர், மற்றவர்களிடம் பழையதும் புதியதுமாகக் கூப்பே கார்கள் (கூரை மூடிய, இரண்டு கதவுக் கார்கள்). தோன்றும்போது சேர்ந்து ஒரு டிரைவ் போவோம். இதை முறையான கிளப்பாக மாற்ற ஆசைப்படுகிறோம். எங்கிருந்து தொடங்குவது? பதிவு செய்தாக வேண்டுமா? இன்னொரு சங்கடமும் உண்டு. எங்களில் ஒருவர் டிரைவில் மிக வேகமாகப் போகிறார். நல்ல நண்பர்தான், ஆனால் அவரால் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடைசியாகச் சொல்லியிருக்கும் சங்கடத்தைத்தான் முதலில் எடுக்கிறேன். உங்கள் கிளப் நிலைப்பதும் கலைவதும் அதைப் பொறுத்தே இருக்கிறது. பெயர், லோகோ, டி-ஷர்ட், பதிவு எல்லாம் பின்னால் வரட்டும். சாலையில் எப்படி ஓட்டப்போகிறோம் என்பதை முதலில் எழுதி வையுங்கள். கிளப் என்று ஒரு பெயர் வந்துவிட்டால், ஒருவர் செய்யும் தவறு எல்லோர் தலையிலும் விழும். வழியில் பார்ப்பவர்களுக்கும் போலீஸுக்கும் எட்டுப் பேரில் நிதானமாகப் போன ஏழு பேர் கண்ணில் படமாட்டார்கள்.

அந்த நண்பரிடம் குழுவில் எழுதாதீர்கள், எல்லோர் முன்னிலையிலும் சொல்லாதீர்கள். ஒருவர் மட்டும் தனியாக, டிரைவ் முடிந்த அன்றே பேச வேண்டும். "நீ வேகமாகப் போகிறாய்" என்று பொதுவாகச் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். "அந்த வளைவில் எதிரே வருவது தெரியாத இடத்தில் முந்தினாய், பின்னால் வந்தவர் உன்னைத் தொடர்வதா விடுவதா என்று தடுமாறினார்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அடுத்த டிரைவில் அவர் இடம் முன்னே செல்லும் காருக்கு இரண்டு கார் பின்னால். முன்னணிக் காரை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பொறுப்பு கொடுத்தால் திருந்துவார் என்று பலர் நம்புகிறார்கள். என் அனுபவத்தில், குழு முழுவதும் அவர் வேகத்துக்கு இழுபடுவதுதான் நடக்கும். மறுபடியும் அதே கதை என்றால் இரண்டு டிரைவுகளுக்கு நிறுத்தி வையுங்கள். மூன்றாவது முறை விலக்கிவிட வேண்டியதுதான். இந்த மூன்று படிகளும் விதிகளில் முன்பே எழுதப்பட்டிருந்தால், முடிவெடுக்கும்போது நட்பு குறுக்கே வராது. வராமல் நின்றுவிட்ட அந்த இருவரையும் அழைத்து, விதி வந்துவிட்டது என்று சொல்லுங்கள். எனக்கு அவர்களை இழப்பதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

இனி டிரைவ். எல்லோரும் ஒரே வேகத்தில் வரிசையாகப் போனால் பாதுகாப்பு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு கார் விநாடிக்கு 22 மீட்டருக்கு மேல் நகர்கிறது. முன்காருக்கும் பின்காருக்கும் இடையே 2 விநாடி இடைவெளி என்றால் ஏறத்தாழ 44 மீட்டர். பத்துக் கார்கள் போனால் வரிசையின் நீளம் 400 மீட்டரைத் தாண்டிவிடும். வேறொருவர் 100 கி.மீ. வேகத்தில் இந்த வரிசையை முழுதாக முந்த 80 விநாடி ஆகும், அதற்குள் அவர் 2 கி.மீ.க்கு மேல் ஓடியிருப்பார். இருவழிச் சாலையில் அது நடக்கிற காரியமா? பாதியில் உங்கள் நடுவே திணிந்து நுழைவார், யாராவது பிரேக் அடிப்பார்கள். அதனால் நான்கு அல்லது ஐந்து கார்களுக்கு ஒரு குழு, குழுக்களுக்கு இடையே ஐந்து நிமிட இடைவெளி. எட்டுப் பேர் என்றால் இரண்டு குழு. குழுவுக்குள்ளும் வெளியார் நுழைந்தால் இடம் விடுங்கள், "எங்கள் வரிசை" என்று யாரும் மறிக்கக் கூடாது.

வரிசையில் போகும்போது இன்னொரு சிக்கல் உண்டு, முன்னால் போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. முன்கார் ஒரு வேகத்தடையைத் தாண்டி மீண்டும் வேகம் பிடிக்கிறது. அதே நேரத்தில் ஐந்தாவது கார் இன்னும் வேகத்தடைக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். இடைவெளி ரப்பர் போல நீள்கிறது. அதை மூட ஐந்தாவது ஆள் முன்னவரைவிட வேகமாக ஓட்டியாக வேண்டும். ஒவ்வொரு தடையிலும் இது நடக்கும். ஆக, முன்னவர் அளவான வேகத்தில் போவதாக நினைத்துக்கொண்டிருக்க, கடைசியில் இருப்பவர் வரம்பை மீறிப் பறந்துகொண்டிருப்பார். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்தான் கூச்சத்தில் கடைசியில் நிற்பார். அனுபவம் மிகக் குறைந்தவர் மிக வேகமாக ஓட்டும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

தீர்வு கடினமில்லை. புதியவரை முன்னணிக் காருக்கு நேர் பின்னால் வையுங்கள். முன்னணியில் இருப்பவர் ஒவ்வொரு ஊரையும் தடையையும் கடந்த பிறகு, கடைசிக் கார் கண்ணாடியில் தெரியும்வரை மெதுவாகவே போக வேண்டும். கடைசியில் வழி முழுதும் தெரிந்த, கார் நின்றுவிட்டால் கை வைக்கத் தெரிந்த ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலாக, வழி எல்லோர் கையிலும் முன்பே இருக்க வேண்டும். தனியாகவும் வந்து சேர முடியும் என்று தெரிந்தவர் யாரையும் துரத்தமாட்டார். புதியவர் இல்லாத குழு என்றால் திருப்பங்களில் ஒரு நல்ல முறை உண்டு: இரண்டாவது கார் திருப்பத்துக்கு முன் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்று வழிகாட்டும், கடைசிக் கார் வந்ததும் அதற்கு முன்னால் சேர்ந்துகொள்ளும். அடுத்த திருப்பத்தில் அப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். ஒதுங்க இடமில்லாத சாலையில் இதைச் செய்யக் கூடாது.

வழியை முடிவு செய்பவர் ஒரு வாரம் முன்பாக அதில் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும். அதுவும் குழுவிலேயே தரையோடு தரையாக இருக்கும் காரில். மேப்பில் அழகாகத் தெரியும் சாலையில் ஒரு வேகத்தடை போதும், முன்பம்பரின் அடிப்பகுதி பெயர்ந்து வந்துவிடும். சில கார்களின் டேங்க் சிறியது என்பதால், யாருக்கு மிகக் குறைவாக எரிபொருள் பிடிக்குமோ அவரை வைத்து நிறுத்தங்களைப் போடுங்கள். அதிகாலையில் கூடும் இடம் வீடுகளை விட்டுத் தள்ளியிருக்கட்டும், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் சத்தம் நமக்கு இனிக்கும், தூங்குகிறவர்களுக்கு இனிக்காது. கூட்டம் முடிந்து கிளம்பும் தருணத்தில் மிக எச்சரிக்கையாக இருங்கள். வேடிக்கை பார்க்க ஆள் நிற்கும்போதுதான் சிலருக்கு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக் காட்டத் தோன்றுகிறது. கார் கூட்டங்களில் பல விபத்துகள் நடப்பது வாசலில்தான். வெளியேறும்போது உறுமல், டயர் தேய்ப்பு, பின்பக்கத்தை வழுக்க விடுவது எதுவும் கிடையாது. இதற்கு மட்டும் எச்சரிக்கைகூடத் தர வேண்டாம், நேரே நிறுத்தி வையுங்கள்.

யாரைச் சேர்ப்பது என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பத்தாவது உறுப்பினர் வரும்போது அது வந்தே தீரும். குதிரைத்திறனை அளவுகோலாக்காதீர்கள். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் 1.6 லிட்டர் என்ஜின்தான், 120-க்கும் குறைவான குதிரைத்திறன். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் கார் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல உதாரணம் சொல்வது கடினம். அதைப் போல மூன்று மடங்கு திறனுள்ள கனமான குடும்ப வண்டிகள் இன்று எத்தனையோ ஓடுகின்றன. தெளிவான கோடுதான் வேண்டும். பிரிட்டனில் 1934-இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப், 1930 முடிவதற்குள் கட்டப்பட்ட கார்களே விண்டேஜ் என்று ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டது. உங்களுக்குத் தேதி பொருந்தாது. மாடல்களின் பட்டியல் ஒன்று, பட்டியலில் இல்லாததற்குக் குழுவின் முடிவு என்று வைத்துக்கொள்ளலாம். காரை விற்றுவிட்டவரையும், மாதக்கணக்கில் காரை மெக்கானிக்கிடம் விட்டிருப்பவரையும் வெளியே தள்ளாதீர்கள். பழைய கார்களைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

எண்ணிக்கை குறைவு என்று தயங்க வேண்டாம். 1952-இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் ஒரு சில ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் உலகின் முதல் போர்ஷே கார் கிளப். நீங்கள் எட்டுப் பேர்.

நாள்காட்டியில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, ஒரே இடம், ஒரே நேரம், எந்த ஏற்பாடும் இல்லாமல். இரண்டே பேர் வந்தாலும் நடக்கட்டும். "இந்த வாரம் யாருக்கு வசதி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கும் குழு ஆறு மாதத்தில் பேச்சற்றுப் போய்விடும். நீண்ட டிரைவ் மூன்று மாதத்துக்கு ஒன்று போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது காரைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்க்கும் பராமரிப்புக் காலை. ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம் ஓடுவதில்லை, அதனால் வரும் பழுதுகளே வேறு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஓடாமல் நின்றாலும் உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்பது பிரேக் ஆயிலில் ஒரு வகை. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலையில் அதே ஆயிலுக்கான அளவு 155 டிகிரிதான். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். அதனால் கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். டயரும் அப்படித்தான். மேற்பரப்பின் பட்டன் தேயாமல் இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பளபளக்கும் காரில் பத்து வயது டயரைக் கண்டுபிடித்த ஒரு காலைப்பொழுது, பத்து டிரைவுக்குச் சமமான நன்மை செய்யும்.

வேகத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு ஒரே வழி, பொது வாகனங்கள் வராத மூடிய இடம்தான். பெரிய மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் ஓடும் ஆட்டோகிராஸில் தொடங்குங்கள். வேகம் குறைவு, கற்பது அதிகம். ரேஸ் டிராக்குக்குப் போவதென்றால் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் முறையில் மட்டும். அமெரிக்காவின் போர்ஷே கிளப் புதியவர்களுக்கான தன் ஓட்டுநர் பயிற்சிகளை அப்படித்தான் நடத்துகிறது. உங்கள் வேகக்கார நண்பரை முதலில் அனுப்ப வேண்டியது இங்கேதான். பலர் இங்கே தங்கள் ஓட்டத்தின் அளவைத் தெரிந்துகொண்டு சாலையில் அடங்கிப்போகிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொருந்தாது. டிராக்குக்குப் போகும் ஒவ்வொருவரும் தன் பாலிசியைப் படித்துவிட்டு, தன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.

பதிவு பற்றிக் கேட்டீர்கள். இன்றைக்கே வேண்டாம். முதல் ஆறு மாதம் விதிகளும் நாள்காட்டியும் ஓடட்டும். பணம் வசூலிக்கத் தொடங்கும்போது, இடத்தை வாடகைக்கு எடுத்துக் கையெழுத்துப் போடும்போது, மூடிய இடத்தில் கார் ஓட்டும்போது, இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள். பதிவில்லாத குழுவுக்குச் சட்டப்படி தனி உருவம் கிடையாது. கடனோ வழக்கோ வந்தால் கையெழுத்திட்டவர் தலையில் வந்து விழக்கூடும். உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள். நிகழ்ச்சிகளுக்கான பொறுப்பு இன்ஷூரன்ஸையும் அப்போதே கேளுங்கள். பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு எல்லோருக்கும். தொகை சிறியது என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள், சிறிய தொகைக்குத்தான் பெரிய மனத்தாங்கல்கள் வருகின்றன.

பெயரில் கார் நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ வைக்க நினைத்தால் அவை வணிக முத்திரைகள், முன்னதாக அந்த நிறுவனத்திடம் அனுமதி கேளுங்கள். உங்களிடம் பலவகைக் கார்கள் இருப்பதால் பொதுப் பெயரே நல்லது. வழி பார்ப்பவர், பணம் பார்ப்பவர், அழைப்பு அனுப்புபவர் என்று மூன்று பேர் பொறுப்பெடுத்தால் போதும், இரண்டு ஆண்டில் மாறிவிடுங்கள். ஆர்வம் மிக்க ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால், அவர் களைத்துப்போகும் நாளில் கிளப்பும் நின்றுவிடும்.

படங்களைப் பொதுவில் போடும்போது நம்பர் பிளேட்டை மறையுங்கள், வீட்டு வாசலில் நிற்கும் காரைப் போடாதீர்கள், டிரைவின் வழியை முடிந்த பிறகே வெளியிடுங்கள். ஸ்பீடோமீட்டர் முள் தெரியும் வீடியோவை யாரும் எங்கும் போடக் கூடாது என்பதையும் அந்த முதல் விதித்தாளிலேயே எழுதிவிடுங்கள்.