மலைப்பனியில் மடக்கு கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஊர் திரும்பிய துரை ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன ஜெய்ஸ் ஐகான் நெட்டார் கேமரா, தோல் உறையோடு எங்கள் பீரோவில் பல ஆண்டுகளாக இருக்கிறது. லென்ஸுக்குள் வெள்ளை நூல் பிரிந்து கிடப்பதுபோல் ஏதோ தெரிகிறது. வெளியே துடைத்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?
– குன்னூர் வாசகர்

பதில்: நீங்கள் பார்ப்பது பூஞ்சை. நீலகிரியிலும் பழனி மலையிலும் பழைய கேமராக்களை இதைப்போல் கெடுப்பது வேறொன்றும் இல்லை. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நிற்கும்போது, லென்ஸின் மேல் படிந்த நுண்ணிய தூசியையும் பிசுக்கையும் பற்றிக்கொண்டு அது வளர்கிறது. வளரும்போது அது வெளிவிடும் அமிலம் நாளடைவில் கண்ணாடியையும் அதன் மேற்பூச்சையும் அரித்துவிடுகிறது. ஆகவே, கேமராவை அந்தத் தோல் உறையிலிருந்து இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். தாத்தாவின் நினைவாக உறையையும் பத்திரப்படுத்துங்கள், ஆனால் தனியே. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டும் ஓரிடத்தில் இருக்கக் கூடாது.

அடுத்து, பூஞ்சை எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி' என்ற எழுத்தில் வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்னாலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நெட்டாரில் பெரும்பாலும் இருப்பது மூன்று கண்ணாடிகள் கொண்ட நோவார் லென்ஸ். தூரத்தை மாற்றும்போது முன்கண்ணாடி மட்டுமே சுழன்று முன்னும் பின்னும் நகரும் அமைப்பு அது. பூஞ்சை விரும்பிக் குடியேறுவதும் அந்த முன்கண்ணாடியின் உள்பக்கத்தில்தான். தூர வளையத்தைச் சுற்றியுள்ள மிகச் சிறிய திருகுகளைத் தளர்த்தினால் வளையம் கழன்று வரும். அதன்பின் முன்கண்ணாடியைக் கையாலேயே சுழற்றி எடுக்கலாம். எடுப்பதற்கு முன் முடிவிலித் தூரத்தில் (மிகத் தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரியும் நிலையில்) அது நின்ற இடத்தையும், மரை விட்டுக் கழன்ற இடத்தையும் ஊசியால் மெல்லிய கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மரையில் நுழைவாய்கள் பல உண்டு. வேறொன்றில் ஏற்றிவிட்டால் படம் எதுவும் தெளிவாக விழாது.

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை லென்ஸ் துடைக்கும் தாளில் நனைத்து, கண்ணாடியின் மேல் சிறிது நேரம் படியவிட்டு, அழுத்தாமல் துடையுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் கறை நிற்காது. பூஞ்சை போன பின்னும் அதன் தடம் நரம்புபோல் தெரிந்தால், அரிப்பு ஏற்பட்டுவிட்டது என்று பொருள். அதைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிராகப் படமெடுக்கும்போது சற்று மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். மற்ற நேரங்களில் அந்த லென்ஸ் நல்ல படங்களையே தரும்.

சுத்தம் செய்த கேமராவைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, கூடவே சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் போட்டு, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதால், ஐப்பசி பிறக்கும் முன்பே சிலிக்கா ஜெல்லை வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து உலர்த்திவிடுவது நல்லது. அரிசிப் பானைக்குள் கேமராவைப் புதைத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசியின் தவிட்டுத் தூசியே பூஞ்சைக்கு உணவாகிவிடும்.

கேள்வி: பழைய சாமான் கடை ஒன்றில் அக்ஃபா ஐசோலெட் வாங்கினேன். தூர வளையம் அசையவே மறுக்கிறது. கணவர் குறடு வைத்துத் திருப்பலாம் என்கிறார். லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியிலும் ஓட்டை இருக்குமோ என்று சந்தேகம்.
– கொடைக்கானல் வாசகி

பதில்: குறடு வேண்டவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஐசோலெட்டின் இந்த நோய் உலகமெங்கும் பெயர்பெற்றது. தொழிற்சாலையில் இட்ட கிரீஸ் காலப்போக்கில் பச்சை நிறப் பிசினாக இறுகி, முன்கண்ணாடியின் சட்டத்தையும் அதற்குப் பின்னுள்ள நடுக்கண்ணாடியின் சட்டத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. பலங்கொண்டு திருப்பினால் இரண்டும் சேர்ந்து கழன்றுவிடும். வளையம் இப்போது சுழல்கிறது என்று நாம் மகிழ்ந்திருக்க, படங்கள் மட்டும் ஒன்றும் தெளிவாக வராது. லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலை மரை ஓரத்தில் துளித்துளியாக விட்டு ஊறவைத்து, ஹேர் டிரையரால் இதமாகச் சூடுகாட்டி, மறுபடி ஊறவைத்துப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்பு எரியக் கூடாது, சூடுகாட்டும் முன் பெட்ரோல் முழுதும் ஆவியாகியிருக்க வேண்டும். பிரிந்ததும் பழைய பிசினை முற்றிலும் துடைத்துவிட்டு, புதிய கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் இடுங்கள்.

இனி முடிவிலியைச் சரிபார்க்க வேண்டும். கோக்கர்ஸ் வாக்கை விட இதற்கு ஏற்ற இடம் உங்களுக்குக் கிடைக்காது. மூடுபனி ஏறிவரும் முன் காலையிலேயே போய், பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் தண்டவாளங்களின் குறுக்கே மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, ஷட்டரையும் லென்ஸின் ஒளித் துவாரத்தையும் முழுதாகத் திறந்து வையுங்கள். பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள மலைவிளிம்பு அந்த நாடாவின் மேல் தலைகீழாக விழும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதைப் பார்த்தபடி, விளிம்புக் கோடு கூர்மையாகும் வரை முன்கண்ணாடியைத் திருப்பி, அந்த இடத்தில் தூர வளையத்தின் முடிவிலிக் குறி வரும்படி திருகுகளை இறுக்கினால் வேலை முடிந்தது.

துருத்தியைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானதே. 1950களின் அக்ஃபா துருத்திகள் செயற்கைத் தோலால் ஆனவை. மடிப்பு மூலைகளில் விண்டுபோவது அவற்றின் இயல்பு. இருட்டறையில் கைப்பேசி விளக்கைத் துருத்திக்குள் வைத்து, நீட்டியும் சற்று அசைத்தும் பார்த்தால் விண்மீன்கள்போல் ஒளிப்புள்ளிகள் தெரியும். ஓரிரு புள்ளிகள் என்றால் துணிக்குப் பூசும் கறுப்புச் சாயத்தை மூலைகளில் தடவி, நீட்டிய நிலையிலேயே நன்கு உலரவிடுங்கள். மூலைக்கு மூலை ஒளி கசிந்தால் பூச்சு நிற்காது. புதிய துருத்தி போடுவதுதான் முறை.

கேள்வி: அப்பாவின் என்சைன் செல்ஃபிக்ஸ் கேமராவைத் திறக்கப் போனபோது, உள்ளே ஃபிலிம் சுருள் இருப்பது, பின்பக்கத்தில் பட எண்ணைக் காட்டும் சிவப்புச் சாளரத்தில் தெரிந்தது. எண் 5 நிற்கிறது. அதில் படம் இன்னும் இருக்குமா?
– உதகை வாசகர்

பதில்: திறக்காமல் விட்டீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைச் சுருளாக இருந்தால் படம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கழுவப்படாத ஃபிலிமில் பதிந்த உருவம் வெப்பத்தில்தான் விரைவாக மங்கும். உதகையின் குளிர் இத்தனை ஆண்டுகள் அதைக் காத்திருக்கக்கூடும். ஆனால் ஈரம் வேறு விதமாக வேலை செய்கிறது: பின்தாள் (ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றப்பட்ட, எண்கள் அச்சிட்ட தாள்) ஃபிலிமின் மேல் ஒட்டிக்கொண்டு, எண்களின் அச்சு படத்திலேயே பதிந்துவிடுவதுண்டு. எனவே முற்றிலும் இருட்டான அறையில், நின்று நின்று மெதுவாகச் சுருளைக் கடைசிவரை சுற்றி எடுத்து, கறுப்புத் தாளில் பொதிந்து, கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கையால் கழுவத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய சுருள் என்று தவறாமல் சொல்லுங்கள். புகைபடிந்ததுபோன்ற மூட்டத்தைக் குறைக்கும் பென்சோட்ரையசோலை அவர் டெவலப்பரில் சேர்த்துக்கொள்வார்.

பின்தாளில் 'இந்து' (INDU) என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் உங்கள் ஊரில் தயாரித்த ஃபிலிமின் பெயர் அது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்ட நிலையில், அங்கே உருவான சுருளில் உங்கள் அப்பா எடுத்த படம் என்றால், படம் மங்கலாகவே வந்தாலும் பின்தாளையும் ஸ்பூலையும் எறியாமல் சேர்த்து வையுங்கள். அவை உதகையின் வரலாறு.

கேள்வி: கோடக் சிக்ஸ்-20 வைத்திருக்கிறேன். அதற்கு ஃபிலிம் கிடைக்குமா? விற்றால் என்ன விலை போகும்?
– கோத்தகிரி வாசகர்

பதில்: விலையை எதிர்பார்த்து விற்க வேண்டாம், ஏராளமாகத் தயாரான கேமரா அது, பெரிதாக எதுவும் கிடைக்காது. ஃபிலிமுக்கு வழி இருக்கிறது. 1931-ல் கோடக் கொண்டுவந்த 620 சுருள் 1995-ல் நின்றுபோனாலும், அதிலிருந்த ஃபிலிமும் இன்று கடையில் கிடைக்கும் 120 ஃபிலிமும் ஒரே அகலம்தான்; ஸ்பூலின் தண்டும் விளிம்பும் மட்டுமே வேறு. பழைய 620 ஸ்பூல்கள் இரண்டு இருந்தால், இருட்டறையில் 120 சுருளை முதலில் அவற்றில் ஒன்றுக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்கும் மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். வீணான சுருள் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் முதலில் பழகுங்கள். ஃபிலிமின் ஒரு முனை மட்டுமே தாளோடு ஒட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தில் உப்பல் விழுந்தால் நாடாவைப் பிரித்து மீண்டும் ஒட்ட வேண்டியிருக்கும்.

இன்றைய ஃபிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியையும் உணர்பவை. ஆகையால் சிவப்புச் சாளரத்தைக் கறுப்பு நாடாவால் மூடிவைத்து, நிழலில் நின்று சுற்றும் நேரத்தில் மட்டும் திறங்கள். கேமராவை வெடுக்கென்று விரித்தால் துருத்தி காற்றை இழுக்க, ஃபிலிம் முன்னால் வளையும். மெல்ல விரித்து, விரித்த பிறகே அடுத்த எண்ணுக்குச் சுற்றுங்கள்.