சிங்கப்பூரின் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் கம்பிக் கூண்டு ஏன் கண்ணில் படுவதில்லை?

கூண்டே இல்லையே, புலி பாய்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுப்பு இருக்கிறது, பளிச்சென்று தெரியாது, அவ்வளவுதான். வெள்ளைப் புலி இருக்கும் பக்கம் போனால் செடிகளுக்குக் கீழே எட்டிப் பாருங்கள்: நீர் நிரம்பிய அகழி. கோட்டையைச் சுற்றி வெட்டுவார்களே, அதேதான்!

1907இல் ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் இந்த அகழி உத்தியைப் பெரிய அளவில் செய்துகாட்டினார். மனிதர்களையும் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்துக் காசு பார்த்தவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில், 1875இல் பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்தில் தொடங்கிய விலங்குக் காட்சி நிலைக்கவில்லை. மண்டாய்த் தோட்டம், தண்ணீரையும் மின்சாரத்தையும் கவனித்துவந்த பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த ஓங் சுவீ லாவின் யோசனை. நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டு நிலத்தில் மக்கள் பொழுதுபோக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார், 1973இல் திறந்தது.