மார்கழிக் குளிரில் விரலிகள் சாகின்றன: மருந்து போடுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 10 சென்ட் நாற்றங்கால் குளம், ஒரு மீட்டர் ஆழம். கட்லா, ரோகு, மிர்கால் விரலிகள் (விரல் நீள மீன் குஞ்சுகள்) 20,000 விட்டிருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் 20, 30 சாகின்றன. மற்றவை தண்ணீர் விழும் இடத்தில் கூடி நிற்கின்றன, கட்டையில் உரசுகின்றன. உடம்பில் சாம்பல் பூத்த மாதிரி படலம். என்ன மருந்து போடலாம்?

பதில்: குளிர் மட்டும் இவற்றைக் கொல்லவில்லை. சமவெளிக் குளங்களில் விடியற்காலை நீர் 22, 23 டிகிரிக்கு இறங்கினாலும் கெண்டைக் குஞ்சுகள் தாங்கிவிடும். ஆனால் பசி மந்தமாகும், நோய் எதிர்ப்பும் தளரும். சின்னக் குஞ்சுக்குக் கொழுப்பு இருப்பு குறைவு; எடைக்கு எடை பார்த்தால் பெரிய மீனைவிட வேகமாக அதைக் கரைத்தும் விடும். மழைக்காலத்திலேயே தேறாமல் போனவைதான் முதலில் விழும். ஒட்டுண்ணிகளின் கதை வேறு. வெண்புள்ளி ஒட்டுண்ணி 30 டிகிரிக்கு மேல் திணறும். 20 முதல் 25 வரை அதற்குக் கொண்டாட்டம்.

நீங்கள் சொல்லும் சாம்பல் படலம் பெரும்பாலும் டிரைக்கோடினா என்ற நுண் ஒட்டுண்ணி. கழிவும் மிச்சத் தீவனமும் சேர்ந்த, நெரிசலான குளத்தில் பெருகுவது. உப்புக் கல் தூவியது போல் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி. செவிள் வெளிறி, வழவழப்பு கூடி, செவிள் மூடி விரிந்தே இருந்தால் செவிள் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய நுண்ணோக்கி வேண்டும். உயிருள்ள, சோர்ந்த குஞ்சுகள் ஐந்தாறை ஆக்சிஜன் பையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மீன்வளத் துறை ஆய்வகத்துக்கோ கொண்டுபோங்கள். செத்த மீனை எடுத்துப் போய்ப் பயனில்லை. பல ஒட்டுண்ணிகள் அதை விட்டு இறங்கிவிடும்.

பலரும் கோட்டை விடுவது அளவில்தான். 10 சென்ட் என்பது 405 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 405 கன மீட்டர் நீர். ஆழத்தை நாலைந்து இடத்தில் குச்சி விட்டுப் பார்த்துச் சராசரி எடுங்கள். இந்த ஒட்டுண்ணிகளுக்குப் போடும் மருந்து ஃபார்மலின்; கன மீட்டருக்கு 15 மில்லி, அதாவது உங்கள் குளத்துக்கு 6 லிட்டர். 25 மில்லி வரை சொல்வதுண்டு, ஆனால் கன மீட்டருக்குப் போடும் ஒவ்வொரு 5 மில்லி ஃபார்மலினும் நாளாவட்டத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனைத் தின்னும். பாசியும் மடியும். ஆபத்து மருந்திட்ட நேரத்தில் இல்லை, மறுநாள் விடியலில். அதனால் வெயில் வந்தபின், நிறைய நீரில் கரைத்துக் குளம் முழுக்கத் தெளித்து, இரண்டு இரவும் பம்பு ஓடட்டும். கேனின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த ஃபார்மலின் மீனுக்கு விஷம், தொடாதீர்கள். கையுறை போட்டு, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டித் தெளியுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள்.

ஒரே தடவையோடு நிறுத்துவதும் தவறு. வெண்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து எட்டாது. வெளியே வந்து நீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே சாகும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறையாவது வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் நிலவரம் பார்த்து. செவிள் தட்டைப்புழுவின் முட்டைக்கு மருந்து ஏறாது என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

உப்புக் குளியலும் நல்லதே. 20 லிட்டர் நீருக்கு 600 கிராம் கல்லுப்பு, 2 முதல் 5 நிமிடம். குஞ்சு சாய்ந்தால் உடனே நல்ல நீருக்கு மாற்றவும். ஆனால் இதற்காகக் குளத்தையே வலைபோட்டு அள்ளாதீர்கள். குளிரில் உரசிய காயத்தில் பஞ்சு போலப் பூஞ்சை பிடிக்கும், அதில் சாவது கூடும். புதிதாக விடும் குஞ்சுக்கு மட்டும் செய்யுங்கள்.

தீவனத்தை மீன் எடையில் 1 சதவீதத்துக்குக் குறைத்து, காலை 10 மணிக்குமேல் தட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மிஞ்சினால் இன்னும் குறையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் விடியலில் குளத்து நீரைவிட வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவு, தகரத்தில் விழுந்து சிதறும்படி விடவும்.

இருப்பையும் பாருங்கள். விரலி அளவுக்கு வளர்க்கும் குளத்தில் ஹெக்டேருக்கு 2 முதல் 3 லட்சம் என்பது வழக்கம். உங்களுடையது 5 லட்சம் வீதம். சாவு நின்று ஒரு வாரமானதும், வெயிலேறிய பகலில் பாதியை வேறு குளத்துக்கு மாற்றிவிடுங்கள்.