ஸ்லாவிய வரலாற்றாசிரியர்கள் அலெக்சாண்டரையும் சீசரையும் தங்கள் கதைக்குள் கொண்டுவந்தது ஏன்? எல்லாம் புளுகுதானா?

நடந்த கதை இல்லைதான். ஆனாலும் புளுகு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1208இல் கிராக்கோவ் ஆயரான வின்சென்டி கட்வூபெக் லத்தீனில் ஒரு போலந்து வரலாறு எழுதினார். அதில் அலெக்சாண்டர் கப்பம் கேட்டுத் தூதர்களை அனுப்புகிறார். போலந்துக்காரர்கள் அவர்களைக் கொன்று, உரித்த தோலுக்குள் கொஞ்சம் பொன்னும் கொஞ்சம் கடற்பாசியும் திணித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். படை திரண்டு வருகிறது. அப்போது நாட்டைக் காப்பாற்றுவது ஒரு பொற்கொல்லர். மரத்திலும் மரப்பட்டையிலும் தலைக்கவசம், கேடயம் எல்லாம் செய்து, மினுமினுப்புப் பூசி, மலைமேல் வெயில் படும்படி அடுக்கிவைக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் பெரும்படை! ஏமாந்து நெருங்கிய எதிரிகள் பதுங்கியிருந்தவர்களிடம் சிக்கி மடிகிறார்கள். பொற்கொல்லர் அரசராகிறார், தந்திரசாலி என்ற பொருளில் லெஸ்டெக் என்ற பெயரோடு. பின்னால் வரும் இன்னொரு லெஸ்டெக் சீசரை மூன்று முறை தோற்கடிக்கிறார். சீசர் தன் சகோதரி ஜூலியாவைக் கட்டிக்கொடுத்து, பவேரியாவையே சீதனமாகத் தருகிறார்.

கட்வூபெக்குக்குச் சுமார் நூறு ஆண்டு முன்பு காலுஸ் என்பவர் எழுதிய வரலாற்றில் இதெல்லாம் கிடையாது. அங்கே அரச வம்சத்தின் மூதாதை பியாஸ்ட் ஓர் எளிய உழவர். இடையில் என்ன நடந்தது? 1138இல் போலந்தை ஆண்ட மூன்றாம் பொலெஸ்வாவ் இறந்து, நாடு அவர் மகன்களிடையே கூறுபட்டது. 1157இல் ஜெர்மானியப் பேரரசர் பார்பரோசா படையெடுத்து வர, நான்காம் பொலெஸ்வாவ் அவர் முன் பணிந்தார். தம்பி காசிமிர் பிணைக்கைதியாகப் போனார். பார்பரோசா தன்னை ரோமப் பேரரசர் என்றே சொல்லிக்கொண்டவர். கட்வூபெக்கை எழுதச் சொன்னது அதே காசிமிர். காசிமிரின் மகன் பெயர் லெஷெக், அதாவது லெஸ்டெக்தான். இதை அறிந்தபின் அந்தச் சீதனக் கதையை என்னால் லேசாகப் படிக்க முடிவதில்லை.

கீவில் அலெக்சாண்டருக்கு வேறு வேலை. அங்கத்திய பழைய ஆண்டுக்குறிப்பில், 1096ஆம் ஆண்டின் கீழ், நோவ்கரத் நகரத்துக்காரர் ஒருவர் கேள்விப்பட்ட செய்தி இருக்கிறது. வடக்கே யூக்ரா நாட்டுக்கு அப்பால் வானைத் தொடும் மலைகள். உள்ளே ஜனங்களின் கூச்சல். மலையைக் குடைந்து சின்னதாக ஒரு துளை போட்டிருக்கிறார்கள். பேச்சு புரியாததால் இரும்பைக் காட்டிச் சைகை செய்கிறார்கள். கத்தியோ கோடாலியோ கொடுத்தால் பதிலுக்கு மென்மயிர்த் தோல் தருகிறார்கள். 'அலெக்சாண்டர் மலைக்குள் அடைத்துவைத்த ஜனங்கள் இவர்கள், உலக முடிவில் வெளியே வருவார்கள்' என்கிறார் குறிப்பை எழுதிய துறவி.

அதே 1096இல்தான் போலோவ்த்ஸிகள் என்ற புல்வெளி நாடோடிகள் அவருடைய மடத்தைத் தாக்கினார்கள். அதிகாலைத் தொழுகை முடிந்து எல்லோரும் அறைகளில் படுத்திருந்த நேரம். வாசலில் கூச்சல் கேட்டு, சிலர் பின்பக்கமாக ஓடித் தப்பினார்கள். அந்த மனிதருக்கு அலெக்சாண்டர் பழங்கால ராஜா இல்லை. அவர் அடைத்த கதவு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கவலை.