மரை வெட்ட கியர் மாற்றுவது எப்படி? காரைக்குடி லேத் பட்டறையிலிருந்து கேள்வி பதில்

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் லேத் ஓட்டுகிறவர்களும் டர்னர் படிக்கிற பிள்ளைகளும் மரை (திருகுப் பள்ளம்) வெட்டுவது பற்றி என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக முதலில் ஒன்று: ஹெட்ஸ்டாக்கில் (லேத்தின் தலைப் பகுதியில்) அடித்திருக்கும் கியர் அட்டவணைத் தகட்டை மட்டும் நம்பி டூலை வேலையில் வைக்காதீர்கள். நம் பக்கம் பல பட்டறைகளில் இருப்பது கைமாறி வந்த லேத். தகடு ஒரு மெஷினுடையதாக இருக்கும், உள்ளே ஓடும் கியர் வேறொன்றினுடையதாக இருக்கும். டூலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவை அளந்து, கணக்குப் போட்டு, கடையும் இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக்கை (chuck) கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும்.

கேள்வி (காரைக்குடி, ஐ.டி.ஐ. மாணவர்): அண்ணே, எங்க லேத்தில் லீட் ஸ்க்ரூ இன்ச்சுக்கு 4 மரை. 2 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) வெட்ட 127 பல் கியர் போடச் சொல்றாங்க. அது ஏன் அப்படி ஒரு விநோதமான எண்?

தம்பி, ஒரு இன்ச் என்பது 25.4 மி.மீ. இதில் அந்தப் புள்ளியை ஒழிக்க 5-ஆல் பெருக்கினால் 127 வருகிறது. 127 பகா எண். அதை உடைத்துச் சின்ன கியராக்க வழியில்லை. அதனால்தான் இன்ச் லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை மிகச் சரியாக வர அந்தப் பெரிய சக்கரமே தேவைப்படுகிறது.

கணக்கு ஒன்றே ஒன்றுதான். வெட்ட வேண்டிய பிட்ச்சை லீட் ஸ்க்ரூவின் பிட்ச்சால் வகுத்தால் வருவது, ஓட்டும் கியருக்கும் ஓடும் கியருக்கும் உள்ள விகிதம். உன் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6.35 மி.மீ. இரண்டை 6.35-ஆல் வகுத்தால் 40/127. சக்கிலிருந்து ஓட்டம் வாங்கும் கியர் தண்டான ஸ்டட்டில் 40, லீட் ஸ்க்ரூவில் 127. இதையே வைத்துக்கொண்டு 1.5 பிட்ச்சுக்கு 30, 1.75-க்கு 35, 2.5-க்கு 50 என்று ஸ்டட் கியரை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். மனப்பாடம் செய்யாதே, நீயே ஒருமுறை போட்டுப் பார்.

கேள்வி (தேவகோட்டை, பட்டறை வைத்திருப்பவர்): 127 பல் கியர் தொலைந்துவிட்டது. பழைய பெட்டியில் 63 பல் ஒன்று கிடக்கிறது. அதை வைத்து 2 மி.மீ. வெட்ட முடியுமா?

தாராளமாக வெட்டலாம். 63-ஐ ஸ்டட்டில் போட்டு 80-ஐ ஓட்டுங்கள். 80 இருக்கும் அதே புஷ்ஷில் (கியர் மாட்டும் குழாயில்) 40-ஐக் கோத்து, அது லீட் ஸ்க்ரூவில் உள்ள 100-ஐ ஓட்டட்டும். விகிதம் 0.315 வரும். சரியான 40/127 என்பது 0.31496. நூறு மி.மீ. நீளத்துக்கு 0.0125 மி.மீ. பிசகு. நட்டு, போல்ட்டு, டிராக்டர் பின் எதற்கும் இது தெரியவே தெரியாது. நீளமான அளவு ஸ்க்ரூ ஒன்றுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள்.

நாலு கியர் கோக்கும்போது ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு கியர்களின் பற்களைக் கூட்டினால் மூன்றாவதைவிட ஒரு 15 ஆவது கூடுதலாக இருக்க வேண்டும். கடைசி இரண்டின் கூட்டல் இரண்டாவதைவிட அதேபோல் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்துத் தண்டில் இடிக்கும், கியர்களைத் தாங்கும் குவாட்ரண்டை எவ்வளவு நகர்த்தினாலும் சேராது. மேலே சொன்னதில் 143, 140 என்று வருகிறது, பிரச்சினை இல்லை.

கேள்வி (புதுவயல், ரைஸ் மில் மெக்கானிக்): லீட் ஸ்க்ரூ இன்ச்சுக்கு 4 மரை. இன்ச்சுக்கு 8 மரை வெட்ட 40-ம் 80-ம் போட்டேன். வெட்டி முடித்துப் பார்த்தால் 16 மரை. ஒரு ஷாஃப்ட் வீணாகிவிட்டது. கணக்கில் எங்கே தப்பு?

கணக்கில் தப்பில்லை. சக்கைத் தாங்கிச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் தப்பு ஒளிந்திருக்கிறது. ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றினால் ஸ்டட்டும் ஒரு சுற்று சுற்றும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சில லேத்தில் ஸ்டட் பாதிதான் சுற்றும். கவரைத் திறந்து இரண்டின் பற்களையும் எண்ணுங்கள். ஸ்பிண்டிலில் 30, ஸ்டட்டில் 60 போல இருந்தால் உங்கள் விகிதத்தை இரண்டால் பெருக்க வேண்டும். அதாவது 8 மரைக்குச் சம பல் கியர் இரண்டு போட்டால் போதும்.

ஷாஃப்ட்டை வீணாக்காமல் இதைப் பிடித்திருக்கலாம். மெயினை அணைத்து, சாடிலை லீட் ஸ்க்ரூவோடு பிடிக்கும் ஹாஃப் நட்டைப் போட்டு, சக்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றித் தொய்வை எடுத்துவிடுங்கள். லேத்தின் தளமான பெட்டில், டூலைச் சுமந்து நகரும் சாடிலின் ஓரத்தை சாக்பீஸால் குறியுங்கள். பிறகு சரியாகப் பத்து சுற்று. 8 மரை என்றால் ஒரு மரை ஒரு நூல், அதாவது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. பத்து சுற்றுக்குச் சாடில் பத்து நூல், அதாவது ஒண்ணேகால் இன்ச் நகர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து நூல்தான் நகர்ந்திருக்கும். 2 மி.மீ. பிட்ச்சுக்கு இதே பத்து சுற்றில் 20 மி.மீ. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் என் பட்டறையில் யாரையும் மரை வெட்ட விடுவதில்லை.

கேள்வி (கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்): எங்கள் பழைய வீட்டு ஊஞ்சல் கொக்கியின் நட்டு மரை போய்விட்டது. கடையில் வாங்கிய எதுவும் பொருந்தவில்லை. வேறு மரை போட்டுக் கொடுக்கிறேன் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

வேண்டாம் ஆச்சி. அந்தக் காலத்து இரும்புச் சாமான்களில் பெரும்பாலும் விட்வொர்த் மரைதான் இருக்கும். 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த அளவு அது. கோணம் 55 டிகிரி. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரை 60 டிகிரி. உங்கள் கம்பி நாலு நூல், அதாவது அரை இன்ச் கனம் என்றால் விட்வொர்த்தில் இன்ச்சுக்கு 12 மரை, பிட்ச் 2.117 மி.மீ. அதற்கு நெருங்கிய 12 மி.மீ. நட்டின் பிட்ச் 1.75. எப்படிச் சேரும்? பழைய கம்பியிலேயே வேறு மரையை ஓட்டினால் பாதி பள்ளத்தின் மேல் பாதி பள்ளம் விழும். பிள்ளைகள் ஆடுகிற ஊஞ்சல், அதில் அந்த வேலை கூடாது.

கம்பி துருப்பிடித்துத் தேய்ந்திருந்தால் கம்பி, நட்டு இரண்டையும் ஜோடியாகப் புதிதாகக் கடைந்துகொள்ளுங்கள். கடைசல்காரரிடம் மரையை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 4 மரை லீட் ஸ்க்ரூவில் 12 மரைக்கு 40-ம் 120-ம் போதும். டூலை மட்டும் 55 டிகிரிக்குத் தீட்டச் சொல்லுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி (பள்ளத்தூர்): நடுவில் போடும் ஐட்லர் கியருக்கு எத்தனை பல் வேண்டும்?

எத்தனை இருந்தாலும் சரி. அது விகிதத்தை மாற்றாது, இடைவெளியை நிரப்பும். ஐட்லர் ஒன்று கூடினால் லீட் ஸ்க்ரூ திரும்பும் திசை மாறும், இடது கை மரை வெட்ட அது உதவும். பற்களுக்கு நடுவே ஒரு துண்டு செய்தித்தாளை வைத்து அழுத்தி முடுக்கிவிட்டுப் பிறகு உருவி எடுங்கள், அந்தத் தொய்வு போதும்.

கேள்வி (கல்லல், போர்வெல் வேலை செய்பவர்): ஒரு இன்ச் பைப் மரை லேத்தில் வெட்டும்போது இரண்டாவது வெட்டு பழைய மரையில் விழாமல் தள்ளி விழுகிறது.

ஒரு இன்ச் பைப்புக்கு இன்ச்சுக்கு 11 மரை. 4 மரை லீட் ஸ்க்ரூவில் 40-ம் 110-ம். 11 என்பது 4-ஆல் வகுபடாது. அதனால் ஹாஃப் நட்டை நினைத்த இடத்தில் போட முடியாது. 8, 12, 16, 20 மரைக்கு எங்கே போட்டாலும் விழும். 11-க்கு, ஹாஃப் நட்டு போடும் இடத்தைக் காட்டும் மரை டயலில் எண் போட்ட கோட்டில் மட்டும் போடுங்கள். டயல் இல்லையென்றால், அல்லது இன்ச் லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டினால், முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. கடைசியில் டூலை வெளியே இழுத்துவிட்டு மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித் திரும்ப வாருங்கள். சக் மரையில் முடுக்கிய பழைய லேத் என்றால் ரிவர்ஸை மெதுவான ஸ்பீடில்தான் போட வேண்டும், வேகத்தில் போட்டால் சக்கே கழன்று வந்துவிடும். கியர் கவரை மூடாமல் எதையும் ஓட்டாதீர்கள். தோளில் துண்டும் வேண்டாம்.