யூடி படித்த கையோடு நாலு வரி

இணையத் தொடர்கதைகளை விடாமல் படிக்கிறவர்களின் கேள்விகளுக்கு, நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற தொடர்கதை வாசகி ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். யூடி என்றால் அப்டேட், அதாவது தொடரின் புது அத்தியாயம்.

பிரதிலிபி என்ற கதை வாசிப்புச் செயலியில் ஒரு தொடரை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்துவிட்டு, 'சூப்பர் சிஸ், அடுத்த யூடி சீக்கிரம் போடுங்க' என்று எழுதுகிறேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. இது போதாதா?
– ஒரு வாசகி, சேலம்

ஸ்டார் கொடுங்கள், தப்பே இல்லை. புதிதாக எழுத வந்தவருக்கு அது பெரிய தெம்பு. ஆனால் அவர் அடுத்த அத்தியாயத்தை எழுத உட்காரும்போது அந்த ஸ்டார் கைகொடுக்காது. எந்த இடம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொன்னால் கைகொடுக்கும். புத்தகமாக வரும் நாவல் முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் நம் கைக்கு வருகிறது. தொடர் எழுதுகிறவர் இன்னும் பாதி வழியில் இருக்கிறார். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே மீதியை எழுதப் போகிறார்.

நான் இப்போது படிக்கும் ஒரு தொடரில் நாயகி விருதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறாள். கொழுந்தன் அவசரச் செலவு என்று சொல்லி, அடகு வைக்க வளையல் கேட்கிறான். மறுபேச்சில்லாமல் இரண்டைக் கழற்றிக் கொடுக்கிறாள். அன்று ராத்திரி பீரோவைத் திறந்து மிச்சமிருக்கும் வளையல்களை எண்ணிப் பார்க்கிறாள். பூட்டுகிறாள். விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி வந்து மறுபடியும் திறந்து எண்ணுகிறாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று எழுத்தாளர் ஒரு வரி கூட எழுதவில்லை. கீழே வந்திருந்த கருத்துகளில் முக்கால்வாசி கொழுந்தனைத் திட்டித்தான். நான் இப்படி எழுதினேன்: 'அவள் இரண்டாம் தரம் எண்ணியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நகை கைமாறிய ராத்திரி என் அம்மாவும் இப்படித்தான் பீரோவைத் திறந்து திறந்து பார்த்தாள். இந்த இடத்தில் அவளை அழவைக்காமல் விட்டீர்களே, அதற்கு நன்றி.' எழுத்தாளர் அன்றைக்கே பதில் போட்டார். அந்தப் பத்தி யார் கண்ணிலும் படவில்லை என்று நினைத்து, புத்தகமாகப் போடும்போது எடுத்துவிடலாம் என்றிருந்தாராம்.

எந்த இடம், அங்கே உங்களுக்கு என்ன ஆனது, இந்த இரண்டையும் எழுதினால் போதும். அடுத்து என்ன நடக்கும் என்ற உங்கள் ஊகத்தையும் சேர்த்து எழுதலாம். பத்துப் பேர் ஒரே ஊகத்தைச் சொன்னால், தான் மறைத்து வைத்த முடிச்சு வெளியே தெரிந்துவிட்டது என்று எழுத்தாளருக்குப் புரிந்துவிடும். வாட்பேட் என்ற கதைச் செயலியில் ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்திலேயே கருத்து எழுத இடம் உண்டு. மற்ற இடங்களில் அந்த வரியை எடுத்துப் போட்டு அதன் கீழே உங்கள் நாலு வரியை எழுதுங்கள்.

நான் தொடரும் கதையில் லாஜிக் ஓட்டைகள் நிறைய. சுட்டிக்காட்டினால் மற்ற வாசகிகள் சண்டைக்கு வருகிறார்கள். பேசாமல் இருந்துவிடட்டுமா?
– ஒரு வாசகர், கோவை

பேசாமல் இருக்காதீர்கள். அமெரிக்காவில் ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலை 2009 முதல் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டுவந்தார். செவ்வாய்க் கிரகத்தில் தனியே மாட்டிக்கொண்டவன் உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கும் கதை. வாசகர்களில் அறிவியல் தெரிந்தவர்கள் 'உங்கள் வேதியியல் இங்கே இடிக்கிறது' என்று எழுதினார்கள். அவர் திருத்திக்கொண்டே போனார். அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் படிக்க வசதியாக வேண்டும் என்று கேட்டதும் வாசகர்கள்தான், அப்படித்தான் 99 சென்ட் விலையில் அங்கே வந்தது. 2014-ல் பெரிய பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது, அடுத்த வருஷமே படமும் வந்துவிட்டது.

நம் தொடர்களில் நான் ஓயாமல் பார்க்கும் ஓட்டை விவாகரத்து. நாயகன் ஒரு காகிதத்தை மேசையில் வீசுவான், நாயகி கண்ணீரோடு கையெழுத்துப் போடுவாள், மறுநாள் காலை இருவரும் அந்நியர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, பரஸ்பர சம்மதத்தில் பிரிய மனுப் போடுவதற்கே ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு இன்னொரு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போதும் நீதிபதி முன்னால் இருவரும் 'சம்மதம்' என்று சொல்லியாக வேண்டும்.

இதை ஒரு எழுத்தாளருக்குத் தனிச்செய்தியில் எழுதி அனுப்பினேன். கூடவே ஒரு விஷயம் சேர்த்தேன். அந்த ஆறு மாதத்தில் கவுன்சலிங் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் பிரியப் போகிற இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள், ஒருவர் தண்ணீர் பாட்டிலை இன்னொருவர் கேட்டு வாங்கிக் குடிப்பதையும் பார்த்திருக்கிறேன். அவர் அந்த ஆறு மாதத்தைக் கதைக்குள் கொண்டுவந்தார். அந்த அத்தியாயங்கள்தான் அந்தக் கதையிலேயே சிறந்தவை.

அதனால் தகவல் பிழை என்றால் எழுத்தாளருக்குத் தனியாகச் சொல்லுங்கள், சரியான தகவலையும் கையோடு கொடுங்கள். எல்லாருக்கும் நடுவில் 'உங்களுக்கு இது கூடத் தெரியாதா' என்று கேட்டால் அவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும், தகவல் ஏறாது.

கதாநாயகன் நாயகியை அறைகிறான், அறையில் பூட்டி வைக்கிறான். கருத்துப் பகுதியில் 'ஆன்டி ஹீரோ செம மாஸ்' என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு ஆறவில்லை. என்ன செய்ய?
– ஒரு கல்லூரி மாணவி, திருச்சி

ஆறாமல் இருப்பதுதான் சரி. அதை எழுதுங்கள்.

ஜீவனாம்ச வழக்குகளிலும் குடும்ப வன்முறை வழக்குகளிலும் பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்து செய்து என் விரல்களுக்கு ஒரு வரி மனப்பாடம். 'அதன்பின் எதிர்மனுதாரர் மனுதாரரிடம் மன்னிப்புக் கேட்டு, இனி அவ்வாறு நடக்காது என உறுதியளித்தார்.' அடுத்த பத்தியில் தேதி மாறியிருக்கும், அடி மாறியிருக்காது. கதையில் மன்னிப்புக் கேட்டதோடு 'சுபம்' போட்டுவிடுகிறார்கள். பதினேழு வயசில் அதைப் படிக்கிற பெண்ணை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முரடனைப் பற்றிக் கதையே எழுதக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அடிபட்டவளுக்கு என்ன ஆனது என்று எழுதியிருக்கிறாரா, அதைப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்: 'அறை வாங்கிய மறுநாள் காலை அவள் எப்படி எழுந்தாள்? அவன் காலடிச் சத்தம் கேட்டபோது என்ன செய்தாள்?' எழுத்தாளரைத் திட்டாமல் கதாபாத்திரத்தின் பக்கம் நின்று கேட்கும் இந்தக் கேள்விக்கு, நல்ல மனசுள்ள எந்த எழுத்தாளரும் யோசித்துத்தான் பதில் சொல்வார். கொண்டாடுகிறவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர்களில் சிலர் உங்கள் கேள்வியைப் படிப்பார்கள், அது போதும்.

எனக்குப் பிடித்த பாத்திரத்தைக் கொல்லப் போவதாக டீசரில் தெரிகிறது. 'கொல்லாதீர்கள்' என்று கேட்டால் எழுத்தாளர் கேட்பாரா?
– ஒரு வாசகி, மதுரை

கேட்டுப் பாருங்கள், ஆனால் முடிவு அவருடையது. 1840–41-ல் டிக்கன்ஸின் 'தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்' வாரத் தொடராக வந்தபோது, நெல் என்ற சிறுமியைச் சாகவிடாதீர்கள் என்று வாசகர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அவள் செத்துத்தான் போனாள். ஷெர்லாக் ஹோம்ஸை 1893-ல் கொன்ற கானன் டாயிலோ, வாசகர்களின் நச்சரிப்பும் பதிப்பாளர்கள் நீட்டிய பணமும் சேர்ந்து நெருக்கியதில் 1903-ல் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்.

எனக்கு இந்த இரண்டையும் விடக் கல்கி செய்ததுதான் பிடிக்கும். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்து முடிந்ததும், அவர் அப்புறம் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கதையை மாற்றாமல், முடிவுரை எழுதி அந்தக் கேள்விகளை மதித்துப் பதில் சொன்னார். நீங்களும் 'கொல்லாதீர்கள்' என்று மட்டும் எழுதாமல், அந்தப் பாத்திரத்தை ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று எழுதுங்கள். சாகடிக்கத்தான் போகிறார் என்றாலும், அந்த அத்தியாயத்தை அவர் இன்னும் கவனமாக எழுதுவார்.

கதை முடிந்த ஒரு வாரத்தில் லிங்கை எடுத்துவிடுகிறார்கள். கூடவே வந்த எங்களை இப்படி நடுத்தெருவில் விடலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. என் அம்மா பத்திரிகையில் வந்த தொடர்களை வாரா வாரம் கிழித்து அடுக்கி, கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்தவள். ஒரு பக்கம் கதையும் படமும், மறு பக்கம் பாதியில் அறுந்த சமையல் குறிப்பு. அதில் ஒன்றிரண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இணையத்தில் அப்படிக் கிழித்து வைத்துக்கொள்ள வழியில்லை.

ஆனால் காரணம் தெரிந்தால் கோபம் குறையும். கதையை அமேசானில் கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தா வாசிப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டுமென்றால், எழுத்தாளர்களுக்கான கேடிபி செலக்ட் திட்டத்தில் பதிய வேண்டும். அதன் விதிப்படி, பதிந்திருக்கும் ஒவ்வொரு 90 நாள் காலத்திலும் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. மாதிரிக்காகப் பத்து சதவீதம் வரை மட்டும் வெளியே வைக்கலாம். முதல் சில அத்தியாயங்கள் மட்டும் விட்டுவைக்கப்படுவது இதனால்தான். வாசகர்கள் புரட்டிப் படிக்கும் பக்கக் கணக்கை வைத்துத்தான் எழுத்தாளருக்குப் பணம் வருகிறது. மாதக்கணக்கில் சமையலையும் வேலையையும் முடித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியவருக்கு அந்தப் பணம் போய்ச் சேரட்டும்.

லிங்கை எடுக்கப் போகும் தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்லி எழுத்தாளரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். டெலிகிராமில் பிடிஎஃப் தேடுவதையும் அனுப்புவதையும் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தன் கதையைத் திருட்டுக் கோப்பாகப் பார்த்த பிறகு எழுதுவதையே விட்டுவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய அடுத்த தொடருக்காக நான் ஆசையாகக் காத்திருந்தேன்.

பாதியில் நின்றுபோன தொடரை மறுபடி எழுதச் சொல்லிக் கேட்கலாமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

ஒரு முறை, அன்பாக. 'நலமா இருக்கீங்களா? கதை ஞாபகம் வந்தது' என்று எழுதுங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வேலை மாறியிருக்கலாம். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கே 2000-ல் 'தி பிளான்ட்' தொடரைத் தன் தளத்தில் தவணைக்கு ஒரு டாலர் என்று வெளியிடத் தொடங்கினார். 75 சதவீதம் பேராவது பணம் கட்டினால்தான் தொடர்வேன் என்றார். கட்டுகிறவர்கள் குறைந்ததும் அதே வருஷம் நிறுத்தினார், இன்றுவரை முடிக்கவில்லை.

எல்லாரும் படித்து முடித்த தொடரை நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். பழைய அத்தியாயங்களுக்குக் கருத்து எழுதினால் யார் பார்ப்பார்கள்?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

எழுத்தாளர் பார்ப்பார். ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி 1-ல் தொடங்கி 2020 ஜூலை வரை நாள்தோறும் இணையத்தில் வந்து 26 நாவல்களாக நிறைந்தது. வாசகர் கடிதங்களும் கூடவே வந்துகொண்டிருந்தன. அவ்வளவு நீளமான கதையில் எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்க முடியுமா? நீங்கள் பத்தாம் அத்தியாயத்தில் இருந்தால் பத்தாம் அத்தியாயத்தைப் பற்றியே எழுதுங்கள். பின்னால் வரும் திருப்பம் தெரிந்தவர்கள் அதைப் போட்டு உடைத்துவிடுவார்கள் என்று பயமிருந்தால், முதல் வரியிலேயே 'இப்போதுதான் படிக்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

தமிழில் டைப் செய்யத் தெரியாது. தங்கிலீஷில் எழுதினால் எழுத்தாளர் முகம் சுளிப்பாரா?
– ஒரு வாசகி, ராமநாதபுரம்

சுளிக்க மாட்டார், எழுதுங்கள். ஆனால் உங்கள் போனிலேயே வழி இருக்கிறது. கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக் படத்தை அழுத்திப் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும். 'ழ', 'ள' கொஞ்சம் இடம் மாறும். அனுப்பும் முன் ஒரு தரம் படித்து, கதாபாத்திரங்களின் பெயரை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.